வெள்ளத்தடுப்புக் கால்வாயில் ஒரு வரலாறு

1938-ல் வந்த பெருவெள்ளத்துக்குப் பிறகு லாஸ் ஏஞ்சலஸ் பகுதியின் ஆறுகளை கான்கிரீட்டுக்குள் அடைத்துவிட்டார்கள். சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கின் டுஹங்கா ஓடையும் தப்பவில்லை, மொட்டைக் கால்வாயாகிவிட்டது. அதன் கரையை அழகுபடுத்தித் தரும்படி 1974-ல் ராணுவப் பொறியாளர் படை ஓவியர் ஜூடி பாக்காவை அணுகியது. பூவும் கொடியும் கேட்டிருப்பார்கள் போலும். மெக்சிக வம்சாவளியில் வந்த பாக்காவுக்கோ, அந்தக் கான்கிரீட் நிலத்தின் மேல் விழுந்த தழும்பாகத் தெரிந்தது. அதிலேயே அந்த மண்ணின் வரலாற்றை ஓவியமாகப் பச்சை குத்துவது என்று முடிவெடுத்தார்.

அவருக்கு இது புதிதல்ல. 1970-லேயே லாஸ் ஏஞ்சலஸின் ஹாலன்பெக் பூங்காவின் மேடைச் சுவரில், கண்டால் முட்டிக்கொள்ளும் தெருக் கும்பல்களின் பையன்களை ஒன்றுசேர்த்து, கைகளை விரித்து நிற்கும் ஒரு பாட்டியை வரைந்தவர். பாட்டிக்கு முன்னால் எவனும் வாலாட்டமாட்டான் என்று கணக்குப் போட்டாரோ என்னவோ!

1976 கோடையில் கால்வாய்க்குள் 80 பிள்ளைகள் இறங்கினார்கள். பெரும்பாலோர் சிறார் வழக்குகளில் சிக்கியவர்கள். ஓவியர்களும் வரலாற்றாய்வாளர்களும் உடனிருந்தார்கள். வேலைக்குக் கூலி உண்டு. மழைக்காலத்தில் தண்ணீர் பாயும் என்பதால் கோடையில்தான் வரைய முடியும். கோடையிலோ கான்கிரீட் கொதிக்கும். விட்டு விட்டு, 1983 வரை ஐந்து கோடைகள். நானூறுக்கும் மேற்பட்ட இளையோர் கைவைத்த அந்தச் சுவரின் நீளம் 2,754 அடி.

நிறம் நிறமாய்க் கைகள் கோத்து நிற்கும் சமரசப் படம் அல்ல இது. 1871-ல் சீனர்கள் கொல்லப்பட்டது, 1930-களில் மெக்சிக வம்சத்தாரை ரயிலேற்றி விரட்டியது, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஜப்பானிய அமெரிக்கர்களை முகாமில் அடைத்தது எல்லாம் வரிசையாக வருகின்றன. சாவேஸ் ரவீன் காட்சியை மறக்க முடியாது. குடியிருந்தவர்களை அப்புறப்படுத்திய இடத்தில் எழுந்த பேஸ்பால் மைதானம், வானத்திலிருந்து இறங்கும் பறக்கும் தட்டாக வரையப்பட்டிருக்கிறது. விரைவுச் சாலைகள் பாம்புகளாய்ச் சுற்றிக்கொண்டு ஒரே குடும்பத்தைப் பிரிக்கின்றன.

பாடப் புத்தகத்தில் தங்கள் பாட்டன் பாட்டியைப் பார்த்திராத பிள்ளைகள், அவர்களை ஆளுயரத்துக்கும் மேலாக வரைந்தார்கள். பக்கத்தில் நின்று வரைந்தவன் வேறு தெருக்காரன், வேறு இனத்தான். அவன் பாட்டன் பட்டதும் அதே சுவரில்தான். ‘ஒற்றுமை’ என்று எழுதிப்போடும் ஆயிரம் பலகைகளைவிட இது மேல் என்பேன்.

2017-ல் இந்தச் சுவர் அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்கள் பதிவேட்டில் ஏறியது. கதை 1950-களோடு நின்றிருந்தது. அதை நம் காலம்வரை நீட்ட 2021-ல் மெல்லன் அறக்கட்டளை 50 லட்சம் டாலர் கொடுத்தது. லாஸ் ஏஞ்சலஸ் போகிறவர்கள் ஹாலிவுட்டோடு திரும்பிவிடாதீர்கள். கால்வாய்க் கரையில் நடந்தபடியே இந்தச் சுவரைப் பார்க்கலாம்.