லினக்ஸ் கருனி மூலக்கோப்புகளின் உரிமத் தெளிவாக்கம்

லினக்ஸ் கருனி மூலக்கோப்புகளின் உரிமத் தெளிவாக்கம் என்பது, உரிமக் குறிப்பு இல்லாதிருந்த ஆயிரக்கணக்கான கருனிக் கோப்புகளில், எந்த உரிமத்தின் கீழ் அவை வழங்கப்படுகின்றன என்பதைக் கோப்பிலேயே எழுதிய பணியாகும். இதன் முதற்கட்டம் 2017 நவம்பரில் வெளியான 4.14 பதிப்பில் இடம்பெற்றது.

பின்னணி

பெர்ன் உடன்படிக்கையை ஏற்ற நாடுகளில், ஒரு நிரல் எழுதப்பட்டவுடனேயே பதிப்புரிமை உண்டாகிவிடுகிறது. அதற்குப் பதிவோ அறிவிப்போ தேவையில்லை. ஆகவே உரிமக் குறிப்பு இல்லாத கோப்பு பொதுச்சொத்து அல்ல. ஆக்கியவரின் அனுமதியின்றி அதைப் படியெடுக்கவோ மாற்றவோ பொதுவாக இயலாது.

லினக்ஸ் கருனி 1992 முதல் குனூ பொதுமக்கள் உரிமத்தின் கீழ் உள்ளது. மூல அடைவிலுள்ள காப்பியிங் என்னும் கோப்பு இதைத் தெரிவிக்கிறது. தனிக்குறிப்பு இல்லாத கோப்புகளுக்கு அந்த உரிமத்தின் 2ஆம் பதிப்பே பொருந்தும். ஆனால் ஒரு கோப்பு மட்டும் வேறொரு திட்டத்திற்கு எடுத்துச் செல்லப்பட்டால் இந்தத் தொடர்பு அறுந்துவிடும். கருனியைத் தம் கருவிகளில் பதித்து விற்கும் நிறுவனங்களின் உரிமச் சோதனைக் கருவிகளும் இத்தகைய கோப்புகளின் உரிமத்தைக் கண்டறியத் தடுமாறின.

ஆய்வு முறை

இப்பணியில் கிரெக் குரோவா-ஆர்ட்மன், தாமஸ் கிளைக்ஸ்னர், கேட் ஸ்டூவர்ட், பிலிப் ஓம்பிரதான் ஆகியோர் ஈடுபட்டனர். 4.13 பதிப்பின் 60,537 கோப்புகள் ஆய்வுக்கு எடுக்கப்பட்டன. வருடு மென்பொருள்களின் முடிவுகள் கோப்பு வாரியாக ஒப்பிடப்பட்டன. எதிலும் உரிமத்தின் தடயம் தென்படாத கோப்பு உரிமக் குறிப்பற்றதாகக் கருதப்பட்டது. முடிவுகள் முரண்பட்ட கோப்புகளை மனிதர்களே படித்துப் பார்த்தனர். இதற்கு 70 மணி நேரத்திற்கும் மேலானது. சிலவற்றில் வழக்கறிஞர்களின் உறுதிப்பாடும் பெறப்பட்டது.

இவ்வளவு கவனம் தேவைப்பட்டதற்குக் காரணம் உண்டு. உரிமம் வழங்கும் அதிகாரம் பதிப்புரிமையாளருக்கே உரியது. வேறு திட்டத்திலிருந்து வந்த கோப்பிலோ, 'பதிப்பு 2 அல்லது அதற்குப் பிந்தையது' என்று ஆக்கியவர் குறித்த கோப்பிலோ ஒரே குறிப்பைக் கண்மூடித்தனமாக ஒட்டினால், அவர் தராத நிபந்தனையை அவர் பெயரில் எழுதியதாகிவிடும்.

அடையாள வரி

நீண்ட உரிம உரைக்கு மாற்றாக, எஸ்பிடிஎக்ஸ் தரத்தின் ஒற்றை வரி அடையாளம் சேர்க்கப்பட்டது. லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் வளர்ந்த இத்தரம், 2021இல் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்டது. ஒவ்வோர் உரிமத்திற்கும் மாறாத ஒரு குறும்பெயர் இருப்பதால், மனிதரும் கணினியும் அதை ஒரே பொருளில் படிக்க முடிகிறது. அவ்வரி கோப்பின் முதல் வரியில் குறிப்புரையாக அமையும். முதல் வரியில் இயக்கு கட்டளை இருக்க வேண்டிய நிரல்களில் மட்டும் அது இரண்டாம் வரிக்குச் செல்லும்.

முதற்கட்டத்தில் 11,139 கோப்புகள் பொதுமக்கள் உரிமத்தின் 2ஆம் பதிப்பு என்ற அடையாளத்தைப் பெற்றன.

விதிவிலக்குக் குறிப்பு

பயனர் நிரல்கள் கருனியோடு பேசுவதற்கான தலைப்புக் கோப்புகள் தனியாகக் கையாளப்பட்டன. வழக்கமான அமைப்பு அழைப்புகள் மூலம் கருனியின் சேவையைப் பெறும் நிரல், கருனியிலிருந்து பெறப்பட்ட ஆக்கமாகாது என்று காப்பியிங் கோப்பு கூறுகிறது. இக்குறிப்பை விட்டுவிட்டு வெறும் பொதுமக்கள் உரிமத்தை மட்டும் எழுதினால், அக்கோப்பைச் சேர்த்துக்கொள்ளும் பயனர் நிரல்களும் அதே உரிமத்திற்குக் கட்டுப்பட்டவையோ என்ற ஐயம் எழும். எனவே இவ்வகையைச் சேர்ந்த 930 கோப்புகளில் அமைப்பு அழைப்பு விதிவிலக்கும் சேர்த்தே எழுதப்பட்டது.

பின்விளைவுகள்

பின்னர் உரிமங்களின் முழு உரைகள் கருனியில் தனி அடைவில் தொகுக்கப்பட்டன. ஏற்கெனவே நீண்ட உரிம உரை இருந்த கோப்புகளிலும் 2019இல் பெருமளவில் ஒற்றை வரி இடப்பட்டது. புதிதாகச் சேரும் கோப்பில் அடையாள வரி இல்லையெனில், ஒட்டுகளைச் சரிபார்க்கும் நிரல் எச்சரிக்கிறது. இதனால் உரிமத்தைத் தெரிவிக்கும் பொறுப்பு, அதை நன்கறிந்தவரான ஆக்கியவரிடமே கோப்பு சேரும்போதே வந்துவிடுகிறது.