'டெப்ரிகேட்டட்' என்றால் என்ன?

வெப் பக்கம் தயாரிக்கப் பழகுபவர்கள் 'டெப்ரிகேட்டட்' என்ற சொல்லை அடிக்கடி சந்தித்திருப்பீர்கள். 'பழசு, இனி வேலை செய்யாது' என்று பலரும் பொருள் கொள்கிறார்கள். அது சரியல்ல. இதன் லத்தீன் வேர்ச்சொல்லுக்கு 'வேண்டாம் என்று வேண்டிக்கொள்வது' என்று பொருள். கம்ப்யூட்டர் துறையில், 'இப்போதைக்கு வேலை செய்யும். ஆனால் புதிதாக எதிலும் பயன்படுத்தாதீர்கள்' என்று அர்த்தம். கணக்கில் வரும் தேய்மானம், அதாவது 'டிப்ரிசியேஷன்', வேறு சொல். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஓர் உதாரணம் பார்ப்போம். எழுத்தின் நிறத்தையும் அளவையும் மாற்ற முன்பு 'பாண்ட்' டேக் பயன்பட்டது. 1997 டிசம்பரில் வந்த எச்.டி.எம்.எல். 4.0 இதை 'டெப்ரிகேட்டட்' என்றது. அந்த வேலையை ஸ்டைல் ஷீட் ஏற்றுக்கொண்டது. 2014-ல் எச்.டி.எம்.எல்.5 இதையே 'ஆப்சலீட்', அதாவது வழக்கொழிந்தது என்று அறிவித்தது. முதல் சொல் எச்சரிக்கை. இரண்டாவது சொல் தீர்ப்பு. இடைப்பட்ட காலம் நாம் மாறிக்கொள்வதற்காகத் தரப்படும் அவகாசம்.

இந்த அவகாசத்தின் அருமை தமிழ் பைல்களில் நன்றாகத் தெரியும். மதுரை கோரிப்பாளையத்தில் எங்கள் தெருவில் உள்ள டி.டி.பி. சென்டருக்கு ஒருவர் பழைய சி.டி. ஒன்றைக் கொண்டுவந்தார். காலமான அவருடைய அப்பா எழுதிய குடும்ப வரலாறு அதில் இருந்தது. திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். பார்த்துத் தரும்படி கடைக்காரர் என்னிடம் கொடுத்தார். அது பாமினி எழுத்துருவில் அடித்தது. பாமினியில் 'அம்மா' என்பது உள்ளுக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் பதிவாகிறது. எழுத்துரு இல்லாவிட்டால் தமிழும் இல்லை. பாமினியை நிறுவியதும் அப்பாவின் வரிகள் அப்படியே தெரிந்தன.

பாமினியை யாரும் முறைப்படி 'டெப்ரிகேட்டட்' என்று அறிவிக்கவில்லை. ஆனால் அதன் இன்றைய நிலை அதுதான். அரசுத் தரங்களே மாறியிருக்கின்றன. 1999-ல் தமிழக அரசு டாம், டாப் முறைகளை ஏற்றது. 2010-ல் யூனிகோடையும் டேஸ்16 முறையையும் தரமாக அறிவித்தது.

உங்களிடம் இப்படிப்பட்ட பைல்கள் இருந்தால் இப்போதே செய்ய வேண்டியவை:

1. எந்த எழுத்துருவில் அடித்தது என்று குறித்து வையுங்கள். எழுத்துரு பைலையும் அதே போல்டரில் காப்பி செய்யுங்கள்.

2. கன்வெர்ட்டர் மூலம் யூனிகோடுக்கு மாற்றுங்கள். இடையில் உள்ள ஆங்கிலச் சொற்களும் தமிழாக மாறிக் குழம்பும் என்பதால், ஒரு முறை முழுவதும் படித்துத் திருத்துங்கள்.

3. மூல பைலை அழிக்காதீர்கள்.

'டெப்ரிகேட்டட்' என்ற சொல்லை எங்கு பார்த்தாலும் பயப்பட வேண்டாம்; தள்ளிப்போடவும் வேண்டாம். பழையது ஓடிக்கொண்டிருக்கும்போது மாற்றிக்கொள்வது சுலபம். நின்ற பிறகு, படித்துக் காட்டவே ஆளைத் தேட வேண்டியிருக்கும்.