இரவில் மேயும் எருமைகள்

பொழுது சாய்ந்து பால் கறந்து முடிந்ததும் எருமைகள் தாமாகவே மேய்ச்சலுக்குக் கிளம்பிவிடும். பின்னால் கோலோடு யாரும் போவதில்லை. இரவெல்லாம் நடந்து மேய்ந்துவிட்டு, விடிகாலைக் கறவைக்கு வீடு வந்து சேரும். குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில், சுமார் 2,500 சதுர கிலோமீட்டர் விரிந்து கிடக்கும் பன்னி புல்வெளியில் இது அன்றாட வழக்கம்.

கோடைப் பகலில் 45 டிகிரி வெயில் அடிக்கும் பூமி அது. கருந்தோல் எருமைக்கு அந்த வெயில் ஆகாது. பகலில் ஓய்வு, இரவில் மேய்ச்சல் என்று அதைப் பழக்கியவர்கள் மால்தாரிகள். தலைமுறைகளுக்கு முன் சிந்துப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய ஜாட், முத்வா, ஹாலேபோத்ரா முதலான கால்நடைச் சமூகத்தினர். தாய் எவ்வளவு கறந்தது என்று பார்த்துத்தான் பொலிகடாவைத் தேர்ந்தெடுப்பார்கள். அப்படி உருவான பன்னி எருமை, 2010இல் நாட்டின் 11ஆவது எருமை இனமாக அங்கீகரிக்கப்பட்டது.

உப்பின் மேல் நன்னீர்

புல் இருந்தால் போதுமா, தண்ணீர்? பன்னியின் நிலத்தடி நீர் உப்பு. ஆனால் தாழ்வான இடங்களில் தேங்கி மண்ணுக்குள் இறங்கும் மழைநீர், கனமான உப்புநீரோடு எளிதில் கலக்காமல் அதன் மேல் நிற்கும். அந்த இடம் பார்த்து மால்தாரிகள் ஆழமில்லாத கிணறு தோண்டுவார்கள். பெயர் விர்தா. மண் சரியாமலிருக்க உள்ளே மரச்சட்டமும் புல்லும் வைத்துக் கட்டுவார்கள். அதிகம் இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறிவிடும் என்பதால், அளவோடுதான் இறைப்பு.

வேலிக்குள் அடங்காத முள்

உப்புப் பாலை முன்னேறுவதைத் தடுக்க, 1960களின் தொடக்கத்தில் 30,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பில் வனத்துறை ஒரு மர வகையை நட்டது. நம் ராமநாதபுரம் நன்கறிந்த அதே சீமைக்கருவேலம்தான். அதன் நெற்றைத் தின்ற கால்நடைகள் சாணத்தோடு விதையை எங்கும் பரப்பின, புல் சுருங்கியது. முன்பு அங்கே காங்கிரேஜ் பசுக்களே அதிகம். நெற்று பசுக்களின் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, எருமை ஓரளவு தாங்கியது. மால்தாரிகள் பலர் எருமைக்கு மாறியதற்கு இதுவும் ஒரு காரணம். பாலைச் சுண்டக் காய்ச்சி மாவா என்னும் கோவாவாக்கி பூஜ் நகருக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர்களிடம் இப்போது பால் கொள்முதல் வண்டியே வருகிறது. ஒரு நல்ல கறவை எருமை லட்ச ரூபாய்க்கு மேல் விலை போகிறது.

வருமானம் கூடியும் நிலம் குறித்த கவலை தீரவில்லை. 1955இல் பன்னி பாதுகாக்கப்பட்ட காடாக அறிவிக்கப்பட்டது. அப்படியிருந்தும் மேய்ச்சல் நிலத்தை வளைத்து விவசாயம் செய்யும் ஆக்கிரமிப்புகள் நிற்கவில்லை. அவற்றுக்கு எதிராக மால்தாரிகள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். ஆக்கிரமிப்புகளை அகற்ற 2021இல் தீர்ப்பாயம் உத்தரவிட்டது.

அரசு இனத்தை அங்கீகரித்துவிட்டது. ஆனால் அந்த இனத்தை உருவாக்கியது திறந்த புல்வெளியும் இரவு நடையும். வேலி போட்டு அந்த நடையை நிறுத்தினால், பதிவேட்டில் பெயர் இருக்கும். தொழுவத்தில் தீவனத்துக்குக் காத்து நிற்பது வேறொரு எருமையாக இருக்கும். மால்தாரியின் மேய்ச்சல் உரிமையைக் காப்பதுதான் பன்னி எருமையைக் காக்கும் வழி.