உஷார்! அந்த மவுத்வாஷ் பாட்டில் இன்னுமா தீரவில்லை?

பல் பிடுங்கினாலோ, ஈறில் தையல் போட்டாலோ பல் டாக்டர் ஒரு மவுத்வாஷ் எழுதித் தருவார். காலையும் இரவும், ஒரு வாரமோ இரண்டு வாரமோ என்று கணக்கும் சொல்வார். புண் ஆறிவிடும், சீட்டு தொலைந்துவிடும், பாட்டில் மட்டும் வீட்டைவிட்டுப் போகாது. தீர்ந்ததும் காலி பாட்டிலோடு மெடிக்கல் ஷாப்பில் போய் நின்று "இதே மாதிரி ஒண்ணு குடுங்க" என்றால் கேள்வியே கிடையாது. வாய் நாறக் கூடாதே என்று வீடு மொத்தமும் அதில்தான் கொப்பளிக்கிறது, மாதக்கணக்கில்!

இன்றே அந்தப் பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படியுங்கள். 'குளோர்ஹெக்சிடின் குளுக்கோனேட் 0.2%' என்று இருந்தால் உஷார். அது வாசனைத் தண்ணீர் அல்ல, மருந்து. ஆபரேஷனுக்கு முன் நோயாளியின் தோலைத் துடைக்கிற கிருமிநாசினியும் இதே குளோர்ஹெக்சிடின்தான். நாள்பட விட்டால் பல்லில் பழுப்புக் கறை பிடிக்கும். டீ, காப்பி குடிப்பவர்களுக்கு இன்னும் அதிகம். காரை சேரும். நாக்குக்கு உப்புச் சுவை மங்கும். சாம்பாரில் உப்பே இல்லை என்று சமைத்தவரிடம் சண்டைக்குப் போகுமுன் குளியலறை அலமாரியை ஒருமுறை பார்த்துவிடுங்கள். அபூர்வமாகச் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையும் வரும். முகம் வீங்கி மூச்சு முட்டினால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

பிரஷர்காரர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். கீரையிலும் பீட்ரூட்டிலும் நைட்ரேட் இருக்கிறது. அதை நைட்ரைட்டாக மாற்றித் தருவது நாக்கில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்கள். அதிலிருந்து உண்டாகும் நைட்ரிக் ஆக்சைடு ரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது. கிருமிநாசினிக்கு நல்லது கெட்டது தெரியாது, எல்லாவற்றையும் கொன்றுவிடும். லண்டன் குவீன் மேரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஆரோக்கியமான 19 பேர் குளோர்ஹெக்சிடினில் ஒரு வாரம் கொப்பளித்ததற்கே ரத்த அழுத்தம் 2 முதல் 3.5 புள்ளி ஏறியது. சிறிய ஆய்வுதான், சிறிய ஏற்றம்தான். ஆனாலும் மாத்திரை போட்டு இறக்குவதைக் கொப்பளித்து ஏற்றுவானேன்?

சரி, நாற்றமாவது போகிறதா? சில மணி நேரத்துக்குப் போகும். நாக்கின் பின்பகுதியிலும், பல்லிடுக்கிலும், ஈறுக்கு அடியிலும் காற்றுப் படாமல் வாழும் பாக்டீரியாக்கள் உணவுத் துணுக்குகளையும் செத்த செல்களையும் சிதைத்து அழுகிய முட்டை வாடை வீசும் கந்தக வாயுக்களை விடுகின்றன. ஈறு நோயில் உண்டாகும் ஆழமான பைகளுக்குள் கொப்பளிக்கும் நீர் சரியாக இறங்காது. குப்பையை அள்ளாமல் பிளீச்சிங் பவுடர் தூவுகிற கதைதான். நாக்கை வழித்து, பல்லிடுக்கைச் சுத்தம் செய்து, காரையை டாக்டரிடம் எடுத்துக்கொண்டாலே பெரும்பாலானோருக்கு வாடை அடங்கிவிடும். சர்க்கரைக்காரர்களுக்கு ஈறு நோய் சீக்கிரம் முற்றும். அவர்கள் நாற்றத்தைப் புதினா வாசனையால் மூடிவைப்பது ஆபத்து. ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் சிலருக்கு வாயை உலர்த்தும். வாய் உலர்ந்தால் நாற்றம் கூடும், உடனே மறுபடி பாட்டிலைத் தேடுவோம். கம்பெனிக்கு வேறென்ன வேண்டும்!

எல்லாவற்றையும்விடப் பயப்பட வேண்டியது புகையிலை, குட்கா, பாக்கு போடுபவர்களுக்காக. வீட்டில் வாடை தெரியக் கூடாது என்று மவுத்வாஷால் வாயைக் கழுவுகிற பலர், கன்னத்தின் உட்புறத்தைக் கண்ணாடியில் பார்ப்பதே இல்லை. இரண்டு வாரமாகியும் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, காரம் பட்டாலே எரிச்சல், முன்புபோல் வாயைத் திறக்க முடியாத இறுக்கம்... இவற்றில் ஒன்று இருந்தாலும் கொப்பளித்துக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். அது புற்றுநோயாகவோ அதன் முன்நிலையாகவோ இருக்கலாம். சென்னையில் இருப்பவர்கள் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம். மற்ற ஊர்க்காரர்கள் அரசு மருத்துவமனையின் பல் பிரிவில் காட்டலாம்.

டாக்டரே எழுதித் தந்திருந்தாலும் பல் துலக்கிய கையோடு குளோர்ஹெக்சிடினை ஊற்றிக்கொள்ளாதீர்கள். பேஸ்ட்டில் நுரைக்காகச் சேர்க்கும் பொருள் மருந்தின் வீரியத்தைக் குறைத்துவிடும். குறைந்தது அரை மணி நேரம் இடைவெளி வேண்டும். ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் துப்பாமல் விழுங்கிவிடுவார்கள் என்பதால் அவர்களுக்கு மவுத்வாஷே கூடாது, பாட்டிலும் கைக்கு எட்டக் கூடாது. குடியை நிறுத்த டைசல்பிராம் மாத்திரை சாப்பிடுபவர் வீட்டில் இருந்தால், 'ஆல்கஹால் இல்லாதது' என்று லேபிளில் பார்த்து வாங்குங்கள். அந்த மாத்திரையோடு சிறிதளவு ஆல்கஹால் சேர்ந்தாலும் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, படபடப்பு வந்துவிடும். அவர் மறுபடி குடித்துவிட்டார் என்றுதான் வீட்டார் நினைப்பார்கள்.