காற்றில் எத்தனை குதிரை?

ஒரு லிட்டர் பெட்ரோலை முழுதாக எரிக்க ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று வேண்டும். எடைக் கணக்கில் சொன்னால், ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று. பங்க்கில் காசு கொடுத்து வாங்குவது பெட்ரோலை மட்டும்தான் என்பதால் காற்று யார் கணக்கிலும் வருவதில்லை. லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடும் ஒரு பைக், கிலோமீட்டருக்கு 200 லிட்டர் காற்றை உள்ளே இழுக்கிறது. 10,000 கிலோமீட்டர் ஓடி முடிப்பதற்குள் 20 லட்சம் லிட்டர். இவ்வளவும் நுழைவது சீட்டுக்கோ டேங்குக்கோ அடியில் ஒளிந்திருக்கும் ஏர் ஃபில்டர் வழியாகத்தான். அந்த வழியை அகலமாக்கினால் எஞ்சினுக்குக் காற்று கூடும், காற்று கூடினால் பவர் கூடும் என்பது பெர்ஃபாமன்ஸ் ஃபில்டர் விற்பவர்களின் வாதம். 1969இல் கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில் கென் ஜான்சன், நார்ம் மெக்டொனால்ட் என்ற இருவர் ஒரு மோட்டார் சைக்கிள் கடையிலிருந்து தொடங்கிய ‘கே அண்ட் என்’ நிறுவனம், எண்ணெய் தடவிய பருத்தித் துணி மடிப்புகளைக் கம்பி வலைக்குள் அடுக்கிய ஃபில்டரை உலகெங்கும் பரப்பியது. இன்று நம் ஊர் உதிரிபாகக் கடைகளில் கண்ணாடி அலமாரிக்குள் சிவப்பாக மின்னும் கூம்பு ஃபில்டர்கள் எல்லாம் அந்த வகையறாதான். வாதத்தில் பொய் இல்லை. ஆனால் எவ்வளவு கூடும், எப்போது கூடும், பதிலுக்கு எதைக் கொடுக்கிறோம் என்று கேட்டுப் பார்த்தால், சாலையில் ஓடும் பைக்குக்கு அது நஷ்ட வியாபாரம் என்றே எனக்குப் படுகிறது.

முதலில் எவ்வளவு என்பதைப் பார்ப்போம். எஞ்சின் காற்றை உறிஞ்சுகிறது என்று பேச்சுக்குச் சொன்னாலும், உண்மையில் வெளியே இருக்கும் காற்றழுத்தம்தான் காற்றை உள்ளே தள்ளுகிறது. கடல் மட்டத்தில் அந்த அழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். சுத்தமாக இருக்கும் கம்பெனி ஃபில்டர், எஞ்சின் முழு வேகத்தில் சுற்றும்போதுகூட, இதில் ஓரிரு சதவீதத்துக்கு மேல் பிடுங்கிக்கொள்வதில்லை. ஆகவே ஃபில்டரை அடியோடு கழற்றி எறிந்தாலும் திரும்பக் கிடைப்பது அந்த ஓரிரு சதவீதம்தான். வேறொரு ஃபில்டரைப் பொருத்தினால் அதிலும் ஒரு பகுதிதான். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350இன் பவர் 20.2 குதிரைத்திறன், அதில் ஒரு சதவீதம் என்பது 0.2. கால் டேங்க் பெட்ரோல் குறைந்தால் பைக் இலகுவாவதில் கிடைக்கும் லாபமும் ஏறத்தாழ இந்த அளவுதான். அந்த 0.2கூட ஆக்சிலரேட்டரைக் கடைசிவரை முறுக்கும்போது மட்டுமே கிடைக்கும். ஊருக்குள் 50 கிலோமீட்டரில் போகையில் காற்றின் வழியை மறித்து நிற்பது ஃபில்டர் இல்லை. பாதி மூடிக் கிடக்கும் த்ராட்டில் தகடு. அந்தத் தகட்டைத் தாண்டினால் அழுத்தம் ஏறத்தாழ பாதியாக விழுந்திருக்கும். வேகத்தைக் கட்டுப்படுத்த நாமே கதவைச் சாத்தி வைத்திருக்கும்போது, வாசலுக்கு வெளியே பாதையை அகலப்படுத்தி என்ன ஆகப்போகிறது?

காற்றை வலிந்து உள்ளே தள்ளினால் என்ன என்ற கேள்விக்கு ஜப்பான்காரர்கள் 1990இலேயே விடை சொன்னார்கள். கவாஸாகி அந்த ஆண்டு கொண்டுவந்த இஸட்இஸட்-ஆர்1100 பைக்கின் முகப்பில் ஒரு துளை இருந்தது. எதிர்க்காற்று அதில் மோதி நேராக ஃபில்டர் இருக்கும் பெட்டியான ஏர் பாக்ஸுக்குள் நெருக்கிக்கொண்டு போகும். இதற்கு ராம் ஏர் என்று பெயர். இதன் கணக்கு சுலபமானது: நெருக்கும் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 300 கிலோமீட்டர் வேகத்தில் வளிமண்டல அழுத்தத்தோடு சுமார் 4 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும். 100 கிலோமீட்டரில் அரை சதவீதம்கூடக் கிடைக்காது. 60 கிலோமீட்டரில் 0.16 சதவீதம். கம்பெனிகள் அறிவிக்கும் எண்களும் இந்தக் கணக்குக்கு அருகில்தான் நிற்கின்றன. 2021ஆம் ஆண்டின் கவாஸாகி இஸட்எக்ஸ்-10ஆர் நின்ற நிலையில் 203 பிஎஸ், ராம் ஏரோடு 213 பிஎஸ். கூடுதல் 5 சதவீதம், அதுவும் உச்ச வேகத்துக்கு அருகில். உலகின் மிகத் திறமையான பொறியாளர்கள் பைக்கின் மூக்கிலிருந்து டேங்க் வரை குடைந்து வழி போட்டும் கிடைத்தது அவ்வளவுதான். 125 சிசி பைக்கின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் காற்றுத்துளை எதற்கு என்று கேட்டால், அழகுக்கு என்பதே நேர்மையான பதில்.

பவர் ஒளிந்திருக்கும் இடம் ஒன்று உண்டு. ஃபில்டரைச் சுற்றியிருக்கும் ஏர் பாக்ஸ் என்ற அந்தக் கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டிதான் அது. மெக்கானிக் ஷெட்டுகளில் ‘கம்பெனிக்காரன் எஞ்சினை இறுக்கி வைத்திருக்கிறான்’ என்று அதைத்தான் கழற்றி எறிகிறார்கள். எஞ்சின் காற்றைத் தொடர்ச்சியாக இழுப்பதில்லை. வால்வு திறக்கும்போது இழுத்து, மூடும்போது நிறுத்துகிறது. ஒவ்வொரு நிறுத்தமும் குழாயில் ஓர் அழுத்த அலையைத் திருப்பி அனுப்புகிறது. வெறும் பாட்டிலின் வாயில் ஊதினால் அதற்கென்று ஒரு சுருதி எழுவதுபோல, ஏர் பாக்ஸின் கொள்ளளவும் அதன் மூக்குக்குழாயின் நீளமும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட வேகத்தில் அதிரும். அந்த அதிர்வும் குழாயில் திரும்பும் அலையும் வால்வு திறக்கும் நேரத்துக்குச் சரியாக வந்து சேர்ந்தால் கூடுதல் காற்று உள்ளே போகும். இதற்காகவே 2007இன் யமஹா ஆர்1 பைக்கில், எஞ்சின் வேகத்துக்கு ஏற்ப நீளம் மாறும் காற்றுக்குழாய்களை வைத்தார்கள். பெட்டியைக் கழற்றிவிட்டுக் கூம்பு ஃபில்டரைக் கார்புரேட்டரின் வாயில் மாட்டினால், நடு வேகத்தில் கிடைத்துக்கொண்டிருந்த இழுவை போய்விடும். அதோடு, திறந்து கிடக்கும் ஃபில்டர் சூடான எஞ்சினின் முதுகுக்குப் பின்னாலிருந்து காற்றை எடுக்கிறது. காற்றின் வெப்பம் 3 டிகிரி ஏறினால் அதன் அடர்த்தி 1 சதவீதம் குறையும். 30 டிகிரி காற்றுக்குப் பதில் 45 டிகிரி காற்றைக் கொடுத்தால் கிட்டத்தட்ட 5 சதவீதம் அங்கேயே கரைந்துவிடுகிறது. ராம் ஏர் 300 கிலோமீட்டரில் சம்பாதித்ததைவிட இது அதிகம்.

‘மாட்டிய அன்றே பிக்கப்பில் வித்தியாசம் தெரிந்ததே!’ என்பார்கள். தெரிந்திருக்கும், மறுக்கவில்லை. பெரும்பாலும் கழற்றியது தூசி அடைத்துக் கறுத்துப்போன பழைய ஃபில்டர், மாட்டியது புதியது. கார்புரேட்டர் வண்டியில் ஃபில்டர் அடைத்தால் பெட்ரோல் விகிதம் கூடி வண்டி மந்தமாகும். கம்பெனியின் புது ஃபில்டரைப் போட்டிருந்தாலும் அதே வித்தியாசம் தெரிந்திருக்கும். இன்னொன்று சத்தம். ஏர் பாக்ஸின் குறுகலான மூக்கு, காற்று உள்ளே போகும் உறுமலை அடக்கத்தான் இருக்கிறது. சத்தக் கட்டுப்பாட்டு விதிகளுக்காகக் கம்பெனிகள் அங்கே கொஞ்சம் பவரை விட்டுக்கொடுப்பதும் உண்மை. அதை எடுத்துவிட்டால் உறுமல் நேரே ஓட்டுபவரின் காதுக்கு வரும், பைக் பாய்வதுபோல இருக்கும். வேகமானியும் கடிகாரமும் வைத்துப் பார்த்தால் அந்தப் பாய்ச்சல் பெரும்பாலும் காதோடு நின்றுவிடும்.

பந்தயக்காரர்கள் போடுகிறார்களே என்ற கேள்வி இதைவிட வலுவானது. இருங்காட்டுக்கோட்டையிலோ கோவை செட்டிப்பாளையத்தின் காரி ஸ்பீட்வேயிலோ ஓடும் பந்தய பைக்குக்கு 0.2 குதிரைத்திறனும் பெரிது. ஒரு சுற்றில் நூறில் ஒரு பங்கு நொடி கிடைத்தால்கூட லாபம். ஆனால் அவர்கள் ஃபில்டரை மட்டும் மாற்றுவதில்லை. கேம், சைலன்ஸர், சிலிண்டர் ஹெட்டின் துளைகள், கார்புரேட்டர் ஜெட் அல்லது ஈசியூ என்ற எஞ்சின் கணினியின் எரிபொருள் அட்டவணை என்று எல்லாவற்றையும் சேர்த்து மாற்றிய பிறகு, எஞ்சின் நிஜமாகவே கூடுதல் காற்று கேட்கும்போது ஃபில்டருக்கு வருகிறார்கள். ஓடுவது துடைத்துவிட்ட தார்ச்சாலை. எஞ்சினை அடிக்கடி பிரித்து பிஸ்டன் ரிங் மாற்றப் பட்டறையும் ஆளும் உண்டு. புழுதியில் ஓடும் பந்தயக்காரர்களோ நேர் எதிர். மோட்டோகிராஸ் பைக்குகளில் பிசுபிசுப்பான எண்ணெயில் ஊறிய தடித்த ஃபோம் ஃபில்டர்தான் இருக்கும். ஓட்டம் முடிந்ததும் அதைக் கழற்றிக் கழுவுவதே முதல் வேலை. 2024 டக்கார் ராலியில் ஷெர்கோ டிவிஎஸ் அணிக்காக ஓட்டிய கேரளத்துக்காரர் ஹரித் நோவா, ராலி2 பிரிவில் வென்றார். சவூதியின் மணலில் இரண்டு வாரம் ஓடும் அந்தப் பந்தயத்தில், கடைசி நாள்வரை எஞ்சின் தாங்க வேண்டுமானால் மணலை வெளியே நிறுத்தியாக வேண்டும். நம் சாலை இந்த இரண்டில் எதைப் போல இருக்கிறது என்று, எம்-சாண்ட் லாரிக்குப் பின்னால் போய்ப் பழகியவர்களிடம் கேட்க வேண்டியதில்லை.

சாலைத் தூசியில் பெரும்பங்கு சிலிக்கா. அது சிலிண்டரின் இரும்பைவிடக் கடினமானது. பெரிய துகளைவிட, 5 முதல் 20 மைக்ரான் வரையுள்ள துகள்களே ஆபத்தானவை. ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே எண்ணெய்ப் படலம் இருக்கும் மெல்லிய இடைவெளிக்குள் அவைதான் புகுந்து அறுக்கும். ஃபில்டர்களைச் சோதிக்க ஐஎஸ்ஓ 5011 என்றொரு முறை இருக்கிறது. அளவு தெரிந்த சோதனைத் தூசியைக் காற்றோடு செலுத்தி, எவ்வளவு நின்றது, எவ்வளவு கடந்தது, அழுத்தம் எவ்வளவு விழுந்தது என்று அளப்பார்கள். விளம்பரத்தில் வருவது நின்றதன் சதவீதம். எஞ்சினுக்கு முக்கியம் கடந்ததன் சதவீதம். ஒரு ஃபில்டர் 99.5 சதவீதத்தையும் இன்னொன்று 97 சதவீதத்தையும் நிறுத்துகின்றன என்று வைத்துக்கொள்வோம். கேட்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் முதலாவது விடுவது 0.5, இரண்டாவது விடுவது 3. ஆறு மடங்கு தூசி. தாராளமாகக் காற்றை விடும் அதே அளவு ஃபில்டர் தூசியையும் கொஞ்சம் தாராளமாகத்தான் விடும். மடிப்புகளைக் கூட்டிப் பரப்பைப் பெருக்கினால் இரண்டையும் ஓரளவு சமாளிக்கலாம். ஆனால் கைப்பிடி அளவுக் கூம்பில் அந்தப் பரப்புக்கு இடமேது?

கழுவிக் கழுவிப் பயன்படுத்தலாம், காசு மிச்சம் என்பது கடைசி வாதம். நியாயம்தான், சரியாகக் கழுவினால். அதற்கான திரவத்தில் ஊறவைத்து, தண்ணீரை உள்ளிருந்து வெளியே விட்டு அலசி, நிழலில் முழுக்க உலர்த்தி, மடிப்புக்கு மடிப்பு அளவாக எண்ணெய் விட வேண்டும். எண்ணெய் குறைந்தால் பருத்தித் துணி வெறும் சல்லடை. எண்ணெய் அதிகமானால் சென்சாரைக் கெடுக்கும் என்ற புகார், சூடான கம்பியால் காற்றை அளக்கும் கார்களைப் பற்றியது. பெரும்பாலான பைக்குகளில் அழுத்த சென்சார்தான் என்பதால் அந்தப் பயம் இங்கே மிகை. இதற்கிடையில், கழுவக்கூடாததைக் கழுவும் பழக்கமும் இருக்கிறது. பல பைக்குகளில் கம்பெனியே எண்ணெய் ஊறவைத்த காகித ஃபில்டர் வருகிறது. அதற்கு ஏர் அடிக்கக்கூடாது, துடைக்கக்கூடாது. கையேட்டில் சொன்ன கிலோமீட்டரில் தூக்கி எறிய வேண்டியதுதான். உலர் காகித ஃபில்டரிலும் கம்ப்ரஸர் குழாயைப் பக்கத்தில் பிடித்து அடித்தால் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழும். ஃபில்டரின் மேல் படியும் மெல்லிய தூசிப் படலமே அடுத்து வரும் தூசியைப் பிடிக்க உதவுகிறது என்பதால், அழுக்காகத் தெரிகிறதே என்று அடிக்கொரு தரம் தட்டிக்கொண்டிருப்பதிலும் லாபமில்லை.

எந்த ஃபில்டர் போட்டிருந்தாலும் அது வேலை செய்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஃபில்டரைக் கழற்றியபின், எஞ்சின் பக்கம் போகும் ரப்பர் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைக்க வேண்டும். லேசான எண்ணெய்ப் பசை இருந்தால் பரவாயில்லை. அது பெரும்பாலும் எஞ்சினிலிருந்து வரும் எண்ணெய் ஆவி. விரலில் நெருடும் பழுப்புத் தூசி வந்தால் ஃபில்டர் கிழிந்திருக்கிறது, அல்லது அதன் விளிம்பு பெட்டியில் சரியாக உட்காரவில்லை. ஓர் இடத்தில் மட்டும் கோடுபோலத் தூசி படிந்திருந்தால், அதற்கு நேராக உள்ள விளிம்பில்தான் கசிவு. ரப்பர் விளிம்பில் மெல்லிய கிரீஸ் பூசி, மூடியின் ஸ்குரூக்களை ஒரே சீராக இறுக்கி, 500 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி துடைத்துப் பார்க்கலாம்.