வயிற்றைப் பார்த்து வாங்குங்கள்

கண்ணாடிக்குள் ஒரு குளம் – 11

மீன் கடையில் “பாசி தின்கிற மீன் இருக்கா?” என்று கேட்டால், பெரும்பாலும் சக்கர் மீன் குஞ்சைத்தான் வலையில் அள்ளித் தருவார்கள். விரல் நீளத்தில் சாதுவாக இருக்கும். போகப் போக ஒன்றரை அடியை எட்டும். வளர்த்தவர் தாங்காமல் ஏரியில் விட்டுவிடுவார். அப்படி விடப்பட்டவை பெருகித்தான் இன்று நம்மூர் நீர்நிலைகளில் மீனவர் வலையில் சிக்கிக்கொண்டிருக்கின்றன.

சிறிய தொட்டிக்கு ஏற்றது ஓட்டோசிங்க்ளஸ். கடைக்காரர்கள் ‘ஓட்டோ’ என்பார்கள். தென் அமெரிக்க ஆறுகளைச் சேர்ந்த கெளுத்தி இனம்; முழு வளர்ச்சியே 4 செ.மீ. அளவுதான். மூக்கிலிருந்து வால்வரை ஒரு கறுப்புக் கோடு ஓடும். சந்தேகம் வந்தால் முதுகைப் பாருங்கள். சக்கர் குஞ்சுக்கு முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவில் இன்னொரு குட்டித் துடுப்பு உண்டு. ஓட்டோவுக்கு அது கிடையாது.

சைனீஸ் ஆல்கே ஈட்டர் என்று ஒன்றும் விற்கிறது. அது கெளுத்தியே இல்லை. வளர்ந்ததும் பாசியை மறந்து, மற்ற மீன்களின் உடம்பில் ஒட்டிக்கொண்டு மேல்தோலின் வழவழப்பை உறிஞ்சும். வேண்டவே வேண்டாம்.

ஓட்டோவிலேயே பல இனங்கள் இருக்கின்றன. விலைப்பட்டியலில் ‘அஃபினிஸ்’ என்று போட்டிருந்தாலும், பைக்குள் இருப்பது பெரும்பாலும் விட்டாட்டஸ் அல்லது மாக்ரோஸ்பைலஸ்தான். வாலடியில் பெரிய கறுப்புப் பொட்டு இருந்தால் மாக்ரோஸ்பைலஸ். உடம்பெல்லாம் வரிக்குதிரைப் பட்டையோடு ஒன்று உண்டு: கோகாமா. பெருவிலிருந்து வந்த இதற்கு 2004இல்தான் அறிவியல் பெயர் கிடைத்தது, விலையும் அதற்கேற்ப. பராமரிப்பில் பெரிய வித்தியாசம் இல்லை என்பதால், பெயர் தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

பார்க்கவேண்டியது வயிறு. கடைக்கு வரும் ஓட்டோக்களில் பெரும்பகுதி காட்டு ஆற்றில் பிடிக்கப்பட்டவை. பிடித்தவர் கிடங்கு, விமானம், மொத்த வியாபாரி, கடை என்று வந்து சேரும்வரை வயிறார உணவு கிடைத்திருக்காது. வாங்கிய சில நாளில் செத்துப்போவதற்கு, உங்கள் தண்ணீரைவிடப் பல நேரம் இந்தப் பட்டினிதான் காரணம். நல்லவேளையாக இது கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் மீன். அடிவயிறு நம் பக்கமே தெரியும். சற்று உப்பிய வயிறுள்ளதை எடுங்கள். ஒட்டிக் குழிந்திருந்தால் எவ்வளவு மலிவாகத் தந்தாலும் நகருங்கள். முடிந்தால் முன்பணம் கொடுத்து, ஒரு வாரம் கடைத் தொட்டியிலேயே விட்டுவைக்கச் சொல்லுங்கள். அதைத் தாண்டியவை பிழைக்க வாய்ப்பு அதிகம்.

தனியாக ஒன்றை வாங்காதீர்கள். கூட்டமாக வாழ்ந்து பழகியவை, ஆறாவது வேண்டும். ஐம்பது லிட்டர் தொட்டி போதும், ஆனால் புதுத் தொட்டி கூடாது. செடியும் கட்டையும் போட்டு, சில மாதம் ஓடி, கண்ணாடியில் பழுப்புப் படலம் படிந்த தொட்டியாக இருக்கட்டும். வெப்பம் 22 முதல் 26 டிகிரி. நம் கோடையில் தண்ணீர் அதைத் தாண்டும். அப்போது ஏர் பம்பை நிறுத்தாதீர்கள். ஓட்டோ எப்போதாவது விருட்டென மேலே போய் ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு வரும். அது இயல்பு. ஓயாமல் ஓடினால் தண்ணீரில் கோளாறு.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பையை அப்படியே கவிழ்க்காதீர்கள். மீனை ஒரு பாத்திரத்தில் விட்டு, காற்றுக் குழாயில் தளர்வாக ஒரு முடிச்சுப் போட்டு, தொட்டி நீரை ஒரு மணி நேரமாவது சொட்டுச் சொட்டாக விடுங்கள்.

உணவு விஷயத்தில் ஒரு தெளிவு வேண்டும். இது உங்கள் தொட்டிக்கு வந்த துப்புரவுப் பணியாளர் அல்ல. கறுப்புத் தாடிப் பாசியை முகர்ந்தும் பார்க்காது. கண்ணாடியில் கெட்டிப்பட்ட பச்சைப் புள்ளிகளையும் விட்டுவிடும். பழுப்புப் பாசியைச் சில நாளில் துடைத்துவிடும்; பிறகு தின்ன ஒன்றும் இருக்காது. அப்போது வெள்ளரியையோ சுரைக்காயையோ வட்டமாக நறுக்கி, வெந்நீரில் ஒரு கொதி விட்டு, முள்கரண்டியில் குத்தி இரவில் இறக்குங்கள். காலையில் மீதியை எடுத்துவிடுங்கள். முதலில் சீண்டாது, விடாமல் போட்டுவந்தால் பழகும்.

அதைவிட நல்ல வழி மொட்டைமாடியில் இருக்கிறது. ஒரு டப்பில் தண்ணீர் ஊற்றி, கூழாங்கற்களைப் போட்டு வெயிலில் வையுங்கள். கல்மேல் பச்சைப் படலம் படிந்ததும் ஒவ்வொன்றாகத் தொட்டிக்கு மாற்றுங்கள். மேய்ந்து முடித்த கல்லை மறுபடி டப்பில் போடுங்கள். டப்பை மட்டும் கொசுவலையால் இறுக மூடிவையுங்கள். இல்லையென்றால் கொசுப்புழு தேடி மாடியேறி வரும் மாநகராட்சி ஊழியரிடம், இது மீனுக்கான சாப்பாடு என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.