இடதோரத்து வர்ணப் பட்டை
(சித்திரச் சில்லுகளின் சரித்திரம் – 9)

1998-ஆம் ஆண்டில் வெளிவந்த வூடூ-2 கார்டுகள் இரண்டை ஒரு நாடாக் கேபிளால் பிணைத்து, திரையின் ஒற்றைப்படை வரிகளை ஒன்றும் இரட்டைப்படை வரிகளை மற்றொன்றுமாகத் தீட்டச் செய்த த்ரீடிஎஃப்எக்ஸ் கம்பெனியாரின் யுக்தியைச் சென்ற வாரம் பார்த்தோம். தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்கு அதற்கு மேல் நினைவூட்ட வேண்டியதில்லை. இந்த வாரம் என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 5070 டிஐ, ஏ.எம்.டி.யின் ஆர்.எக்ஸ். 9070 எக்ஸ்டி என்னும், 2025-இல் வந்த கார்டுகள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதாக வாக்களித்திருந்தேன். ஆனால், எந்த அளவுகோலை வைத்துக்கொண்டு ஒப்பிடுவது என்று யோசிக்கத் தொடங்கியதும், 2013-ஆம் ஆண்டில் நடந்த ஒரு பரிசோதனை குறுக்கே வந்து நின்றுவிட்டது. அதை விளக்காமல் மேலே செல்ல மனம் இடம் கொடுக்கவில்லை.

2004-இல் என்விடியா கம்பெனியும் அதற்கு அடுத்த ஆண்டு ஏ.டி.ஐ. கம்பெனியும் இரட்டைக் கார்டு முறைக்கு மறுபடியும் உயிர் கொடுத்தபோது, வரிக்கு வரி பங்கிடும் பழைய ஏற்பாட்டை விட்டுவிட்டு, முதல் ஃப்ரேமை ஒரு கார்டும் அடுத்த ஃப்ரேமை மற்றொரு கார்டும் தீட்டுகிற முறையையே பெரும்பாலும் கைக்கொண்டன. கணக்கில் பலன் பிரமாதமாகத்தான் இருந்தது: ஒரே கார்டில் விநாடிக்கு 40 ஃப்ரேம் ஓடிய விளையாட்டு, இரண்டு கார்டில் 70-ஐத் தாண்டியதாகச் சோதனைகள் காட்டின. ஆனால், அந்த 70 ஃப்ரேமைக் கண்ணால் கண்டு விளையாடியவர்களோ, ஒற்றைக் கார்டில் 50 ஃப்ரேமில் கிடைக்கிற வழவழப்புக்கூட இதில் இல்லை என்றும், ஏதோ ஒரு நுண்ணிய திக்கல் கூடவே இருக்கிறது என்றும் பல ஆண்டுகளாக முறையிட்டு வந்தார்கள். அந்தத் திக்கலுக்கு ‘மைக்ரோ ஸ்டட்டர்’ என்று பெயரும் வந்துவிட்டது. பெயர் வந்ததே தவிர, அதைப் பிரத்யட்சமாகப் பிடித்துக் காட்டுகிற கருவி வரவில்லை. 2011-இல் ‘டெக் ரிப்போர்ட்’ ஆசிரியர் ஸ்காட் வாசன், விநாடிக்கு இத்தனை ஃப்ரேம் என்கிற சராசரிக் கணக்கு அந்த விநாடிக்குள்ளே நடக்கிற கோணல்களை மறைத்துவிடுகிறது என்று எடுத்துக்காட்டி, ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் எத்தனை மில்லி விநாடி பிடிக்கிறது என்று தனித்தனியே அளக்கத் தொடங்கினார். அது பெரிய திருப்பம். ஆயினும் அப்போது கையிலிருந்த ‘ஃப்ராப்ஸ்’ போன்ற மென்பொருள்கள் ஃப்ரேம் புறப்படுகிற இடத்தில் நின்று எண்ணினவே அல்லாமல், அது திரையில் வந்து விழுகிற இடத்தில் நின்று எண்ணவில்லை.

அந்த இடத்தில் நின்று எண்ணுவதற்குத்தான் 2013 மார்ச் மாதத்தில் என்விடியா கம்பெனி ‘எஃப்கேட்’ என்ற ஏற்பாட்டை வெளியிட்டது. அதன் எளிமையை நினைத்து நினைத்து இந்த வாரம் முழுவதும் மகிழ்ந்துகொண்டிருக்கிறேன். விளையாட்டு ஒவ்வொரு ஃப்ரேமையும் முடித்து ஒப்படைக்கிற அதே கணத்தில், ஒரு சிறு நிரல் அந்த ஃப்ரேமின் இடதோரத்தில், மேலிருந்து கீழ்வரை, ஒரு வர்ணப் பட்டையை ஒட்டிவிடுகிறது. ஒரு ஃப்ரேமுக்கு ஒரு வர்ணம், அடுத்ததற்கு வேறொரு வர்ணம். இப்படியே பதினாறு வர்ணங்கள் மாறாத வரிசையில் சுழன்று வரும். கார்டிலிருந்து மானிட்டருக்குச் செல்கிற சமிக்ஞையை மற்றொரு கம்ப்யூட்டருக்குள் திருப்பி, ஒரு துளியும் சுருக்காமல் அப்படியே பதிவு செய்துகொள்கிறார்கள். 2560-க்கு 1440 என்ற அளவுள்ள திரையை விநாடிக்கு 60 தடவை முழுமையாகப் பதிவதென்றால், விநாடிக்கு 660 மெகாபைட்டுக்கு மேல் எழுதியாக வேண்டும். அந்தக் காலத்தில் பல எஸ்.எஸ்.டி.க்களை ஒன்றாகக் கோத்தால்தான் அது சாத்தியம். பதிந்து முடித்த பிறகு, அந்தப் பட்டையில் ஒவ்வொரு வர்ணமும் எத்தனை வரி உயரத்துக்கு நிற்கிறது என்று எண்ணினால் போதும். திரை மேலிருந்து கீழாக வரி வரியாக நிரம்புகிறபடியால், வரியின் எண்ணிக்கையே காலத்தின் அளவாகிவிடுகிறது: 1440 வரிகள் ஏறக்குறைய 16.7 மில்லி விநாடியில் நிரம்புமானால், இருபது வரி உயரம் மட்டுமே நின்ற ஒரு வர்ணம் கால் மில்லி விநாடிக்கும் குறைவாகவே திரையில் தன் முகத்தைக் காட்டிற்று என்று அர்த்தம்.

அந்தப் பட்டை காட்டிய காட்சி, இரட்டைக் கார்டு வைத்திருந்தவர்கள் அத்தனை காலம் சொல்லிக்கொண்டிருந்ததற்குச் சாட்சியாக அமைந்தது. ஏ.டி.ஐ.யைப் பின்னர் வாங்கிக்கொண்ட ஏ.எம்.டி.யின் ரேடியான் 7970 கார்டுகள் இரண்டைச் சேர்த்து ஓட்டிய சில விளையாட்டுகளில், ஒரு வர்ணம் அகலமாகவும், அதை அடுத்தது நூலிழை போலவும், அதற்கு அடுத்தது மறுபடியும் அகலமாகவும், ஒன்றுவிட்டு ஒன்று மாறி மாறி வந்தன. இரண்டாவது கார்டு ஃப்ரேமைத் தீட்டாமல் இல்லை. உழைப்பும் மின்சாரமும் செலவாகியிருந்தன. ஆனால், முதல் கார்டின் ஃப்ரேம் வந்து விழுந்த அதே கணத்தில் அதன் குதிகாலை மிதித்துக்கொண்டு வந்து விழுந்த அந்த ஃப்ரேம், கண்ணுக்குப் புலப்படும் முன்பே அடுத்ததால் மூடப்பட்டுவிட்டது. தாளத்தில் எட்டு அட்சரமும் விழுந்தன என்று எண்ணிக்கை சரியாக இருந்தாலும், இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு விழுந்தால் அதைக் காலப்பிரமாணம் தவறியது என்றுதானே சபையிலிருப்பவர்கள் சொல்வார்கள்? இங்கேயும் எண்ணிக்கையில் குறையில்லை, இடைவெளியில்தான் குறை. எஃப்கேட் தன் போட்டியாளரின் கருவி என்பதற்காக ஏ.எம்.டி. அதை ஒதுக்கிவிடவில்லை; குறையை ஒப்புக்கொண்டு, 2013 ஆகஸ்டு முதல் தேதியன்று, முந்திக்கொண்டு வருகிற ஃப்ரேமைச் சற்றே நிறுத்திவைத்துச் சம இடைவெளியில் விடுகிற புதிய டிரைவரை வெளியிட்டது. ஒரு கம்பெனி தன் குறையை இவ்வளவு வெளிப்படையாக ஏற்றுத் திருத்திக்கொண்டதை நான் மிகவும் மதிக்கிறேன்.

வூடூ-2 காலத்தில் இந்தத் தொல்லை ஏன் எழவில்லை என்று வாசகர்கள் கேட்கலாம். அடுத்தடுத்த இரண்டு வரிகளில் இருக்கிற காட்சி ஏறக்குறைய ஒன்றே ஆதலால், வரிக்கு வரி பங்கிட்டபோது வேலை தானாகவே சரிபாதியாயிற்று; இரண்டு கார்டுகளும் ஒரே ஃப்ரேமில் உழைத்தபடியால் இடைவெளி கெடுவதற்கும் இடமில்லை. அப்போது முக்கோணங்களின் மூலைகளைக் கணக்கிடுகிற வேலையைப் பெரும்பாலும் சி.பி.யு.வே செய்துகொண்டிருந்தது, கார்டின் தொழில் வர்ணம் நிரப்புவது. 1999-இல் ஜீஃபோர்ஸ் 256 வந்து அந்த வடிவக் கணக்கையும் கார்டே ஏற்றுக்கொண்ட பிறகு, ஒரே ஃப்ரேமை இருவர் பங்கிட்டால் அந்தக் கணக்கை இருவருமே முழுக்கச் செய்ய வேண்டியதாயிற்று. முழு ஃப்ரேமை ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டால் அந்த விரயம் இல்லை. ஆகவே மாற்று ஃப்ரேம் முறை வெறும் சோம்பலால் வந்ததன்று, காரணத்தோடு வந்தது.

த்ரீடிஎஃப்எக்ஸ் என்று எழுதும்போதெல்லாம் வூடூ-5 6000 கார்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடிவதில்லை. ஒரே பலகையில் நான்கு சில்லுகள். 128 மெகாபைட் நினைவகம். தாய்ப்பலகையிலுள்ள ஏ.ஜி.பி. செருகுமிடம் கொடுக்கிற மின்சாரம் அதற்குப் போதாது என்பதால், சுவரிலுள்ள பிளக்கிலிருந்து நேராக மின்சாரம் எடுக்கும் தனி அடாப்டர் ஒன்றை அதனுடன் கொடுப்பதற்குத் திட்டமிட்டிருந்தார்கள். கார்டு கடைக்கு வரவே இல்லை; 2000 டிசம்பரில் கம்பெனியின் சொத்துக்களை என்விடியா வாங்கிக்கொள்ள உடன்பாடாயிற்று. இன்றைக்கு ஆர்.டி.எக்ஸ். 5090 என்ற ஒரே கார்டு 575 வாட் கேட்கிறது. எவரும் அதை விபரீதமாக எண்ணுவதில்லை. அந்த நால்வர் கார்டு கொஞ்சம் முன்னதாகப் பிறந்துவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

இடைவெளி சீர்பட்ட பின்பும் இரட்டைக் கார்டு பிழைக்கவில்லை. முந்தின ஃப்ரேமின் விவரங்களைக் கொண்டு இந்த ஃப்ரேமின் ஓரங்களை மெருகேற்றுகிற முறைகள் விளையாட்டுகளில் பரவியதும், ஒவ்வொரு கார்டும் மற்றதன் ஃப்ரேமுக்காகக் காத்திருக்க நேர்ந்தது. நினைவகமும் கூடுவதில்லை, 8 ஜி.பி.யும் 8 ஜி.பி.யும் சேர்ந்தால் விளையாட்டுக்குக் கிடைப்பது பெரும்பாலும் 8 ஜி.பி.தான், ஏனெனில் ஒரே சரக்கை இரண்டிலும் வைத்தாக வேண்டும். 2021 ஜனவரி முதல், எஸ்.எல்.ஐ. என்னும் தன் இரட்டைக் கார்டு முறைக்குப் புதிய புரொஃபைல்கள் செய்வதை என்விடியா நிறுத்திக்கொண்டது. 2022-இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 4090-இல் இணைப்பு முனையே கிடையாது. தம்மிடமிருக்கும் கார்டுக்குத் துணையாக அதே மாதிரியில் பழைய கார்டு ஒன்றை வாங்கிச் சேர்க்கலாமா என்று இன்னும் கேட்கிறவர்களுக்கு, விளையாட்டுக்காக என்றால் வேண்டாம் என்பதே என் திடமான பதில். இருப்பதை விற்று அந்தப் பணத்தையும் சேர்த்து ஒரே நல்ல கார்டாக வாங்குவதே உசிதம்.

இவ்வளவும் பழங்கதை ஆகிவிடவில்லை என்பதுதான் இந்த வாரத்து விசேஷம். 2025 ஜனவரியில் லாஸ் வேகாஸ் மேடையில் என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங், 549 டாலர் விலையுள்ள 5070 கார்டு, 1,599 டாலருக்கு அறிமுகமான 4090-க்கு நிகரான வேகம் தரும் என்று அறிவித்தார். அந்தச் சமத்துவம் எதனால் வருகிறது என்றால், கார்டு உண்மையாகத் தீட்டுகிற ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்ததற்கும் இடையே, செயற்கை நுண்ணறிவு கொண்டு மூன்று ஃப்ரேம் வரை கற்பித்து நிரப்புவதால் வருகிறது. விநாடிக்கு 240 என்று எண்ணிக்கை காட்டும்போது, விளையாட்டு தீட்டியவை அவற்றில் 60 மட்டுமே. நாம் விசையைத் தட்டுவது அந்த அறுபதுக்குத்தான் தெரியும். அந்த நான்கு ஃப்ரேமும் சம இடைவெளியில் விழாவிட்டால் பழைய திக்கல் ஒற்றைக் கார்டுக்குள்ளேயே திரும்பி வந்துவிடும் என்பதை நன்கு அறிந்துதான், 50 வரிசைச் சில்லுகளில் ஃப்ரேம் விடுகிற காலத்தை அளக்கும் பொறுப்பைச் சி.பி.யு.விடமிருந்து எடுத்து, திரைக்கு அனுப்புகிற வன்பொருள் பகுதியிடமே ஒப்படைத்திருக்கிறார்கள். 2013-இல் வர்ணப் பட்டை கற்பித்த பாடம் இன்று சில்லுக்குள்ளேயே பொறிக்கப்பட்டிருக்கிறது.

ஆகவே 749 டாலருக்கு அறிமுகமான 5070 டிஐ-யையும் 599 டாலருக்கு அறிமுகமான 9070 எக்ஸ்டி-யையும், கற்பித்த ஃப்ரேம்களை விலக்கி, தீட்டிய ஃப்ரேம்களின் இடைவெளியை மட்டும் மில்லி விநாடியில் வைத்து ஒப்பிடப் போகிறேன். இரண்டிலும் நினைவகம் 16 ஜி.பி.; அறிவித்த விலையில் வித்தியாசம் 150 டாலர். அந்த வித்தியாசத்துக்கு எத்தனை மில்லி விநாடி கிடைக்கிறது என்பதை, இந்த முறை தவறாமல், அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)